பதினைந்து டிகிரிப் பூ

பிப்ரவரி இருபதாம் தேதி, மலையூர் ஒன்றின் புறவழிச்சாலையை ஒட்டிய விதைப்பண்ணையின் இரண்டாம் எண் பசுமைக்குடிலில், ரகப் பதிவு அலுவலகத்தின் பரிசோதனை அதிகாரி நூற்று இருபது தொட்டிகளைப் பார்வையிட்டு, எந்த இரண்டு பூவும் ஒன்றுபோல் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. கன்னத்தைக் கிள்ளினால் வாய் திறக்கும் பூ அது. ஸ்நாப்டிராகன் என்று பெயர். பண்ணையில் வாய்ப்பூ என்பார்கள். சாதாரண வாய்ப்பூ ஒரே நிறத்தில் இருக்கும். இரண்டாம் குடிலில் இருந்ததோ வெள்ளை இதழில் சிவப்புப் பொட்டுகள் தெறித்த பூ. ஒன்றில் நாலு பொட்டு, பக்கத்தில் இருப்பதில் நாற்பது, அதற்கு மேலே உள்ளதில் பாதி முகமே சிவப்பு. கை நடுங்கும் ஒருவர் அருகில் உட்கார்ந்து பேனாவுக்குச் சிவப்பு மை நிரப்பியது போல இருக்கும். அதை உருவாக்கியவளுக்கு அது அழகாகத் தெரிந்தது. அதிகாரிக்கும் அழகாகத்தான் தெரிந்தது. அதைச் சொல்லவும் செய்தார். ஆனால் படிவத்தில் அழகுக்கு என்று ஒரு கட்டம் இல்லை.

கட்டங்கள் மூன்று. புது ரகம் ஏற்கனவே பதிவான எதனோடும் ஒத்துப்போகக் கூடாது, அது தனித்தன்மை. தன் கூட்டத்துக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், அது சீர்மை. விதை போட்டு வளர்த்தால் மறுபடியும் அப்படியே வர வேண்டும்; அது நிலைத்தன்மை. தனித்தன்மையில் பூ முழு மதிப்பெண் வாங்கியது. சீர்மையில் தேறவில்லை. இரண்டாவது பரிசோதனை அடுத்த ஜனவரியில். மூன்றாவது என்று ஒன்று விதியில் கிடையாது.

அதை உருவாக்கியவளுக்கு நாற்பத்து மூன்று வயது. வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். பண்ணையில் வேலை செய்தவர்கள் அவளைப் பெயர் சொல்லியும் கூப்பிட முடியாமல், வெறும் பாப்பா என்றும் கூப்பிட முடியாமல், 'பாப்பா மேடம்' என்று ஒரு வழிக்கு வந்திருந்தார்கள். பண்ணை அண்ணனுடையது. அண்ணன் கீரை, தக்காளி, கத்திரி நாற்று விற்றுப் பண்ணையை நடத்தினார். தங்கைக்கு ஒரு குடிலை விட்டுக்கொடுத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை. சலித்துக்கொள்ளாத மனிதர்கள் ஒரே நாளில் முடிவெடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் முடிவைச் சொன்னார். ஜனவரியிலும் இல்லையென்றால் இரண்டாம் குடில் தக்காளி நாற்றுக்குப் போகும். சொல்லிவிட்டு, சாப்பிடுகிறவளிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தவர் போல, சமாதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் பாப்பா, அதை எல்லாம் ஒரே மாதிரி பூக்க வைக்க முடியாதா?"

முடியாது என்பதை அவள் விளக்கினாள். பூவின் மரபணுக்களில் பெரும்பாலானவை பிறந்த இடத்திலேயே கிடப்பவை. சில துண்டுகள் அப்படி இல்லை. ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் தலையாட்டினார். புரியாதபோது அவர் கொஞ்சம் வேகமாகத் தலையாட்டுவார். அவள் வேறு வழியில் வந்தாள்.

"உங்க மச்சான் இப்போ எந்த செக்‌ஷன்ல இருக்காருண்ணே?"

"டெஸ்பாட்ச்ல."

"டெஸ்பாட்ச் எப்படிப் போகுது?"

அண்ணன் தட்டைப் பார்த்தார். "நின்னு போச்சு."

"அதுக்கு முன்னாடி பொட்டலம் போடற இடத்துல இருந்தாரு. அது?"

"இப்போ நல்லா ஓடுது."

"அவ்வளவுதான். அந்தத் துண்டும் சிவப்பு செய்யற மரபணுவுக்குள்ள போய் உட்காரும். சிவப்பு நின்னுடும், பூ வெள்ளையாயிடும். இதழ் வளர்றப்போ ஏதோ ஒரு செல்லுல அது எழுந்து போயிடும். அந்த இடத்துல சிவப்பு மறுபடி ஓடும். சீக்கிரம் எழுந்தா பெரிய பொட்டு, லேட்டா எழுந்தா சின்னப் பொட்டு."

"எப்போ எழுந்திருக்கணும்னு யாரு சொல்றது?"

"யாரும் சொல்றதில்ல."

அண்ணன் இந்த முறை மெதுவாகத் தலையாட்டினார். சமையலறையிலிருந்து அண்ணி, என் தம்பியை எதற்குப் பூவுக்குள்ளே இழுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

மச்சான் என்பது அண்ணியின் தம்பி. முதலாளிக்கு மச்சான் ஆனதால் பண்ணைக்கே மச்சான். கெட்ட மனிதர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. சொன்ன வேலையை அப்படியே செய்வார். சொல்லாத வேலை ஒன்றையும் கூடச் சேர்த்துச் செய்வார். அந்தக் கூடுதல் வேலையில்தான் எல்லாம் நிற்கும். பாப்பாவுக்கு அவரை எப்படி அழைப்பது என்பது ஒரு நிரந்தரச் சிக்கல். உறவுமுறைப்படி அவள் 'மச்சான்' என்று கூப்பிட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அண்ணி ஒரு காலத்தில் அந்த அர்த்தத்துக்கு ஆசைப்பட்டு முயற்சி செய்தவள்தான். 'என்னங்க' என்றால் அதைவிட மோசம். ஆகவே அவள் அவரை எதுவும் சொல்லி அழைப்பதில்லை. அருகே போய் நின்று இருமுவாள்.

ஜனவரிக்கு அவள் போட்ட திட்டம் எளிமையானது. பூக்களை ஒரே மாதிரி ஆக்க முடியாது. ஆனால் ஒரே மாதிரி வேறுபட வைக்கலாம். பொட்டு மிகவும் அதிகமுள்ள செடிகளையும் மிகவும் குறைந்த செடிகளையும் நீக்கி, நடுவாந்திரமானவற்றின் விதையை மட்டும் போட்டாள். அதிகப் பொட்டுள்ள செடிகளை நீக்கும்போது அவளுக்கே மனசு வரவில்லை. அவைதான் பார்க்க நன்றாக இருந்தவை. ஆனால் துண்டு அதிகம் தாவுகிற செடியில்தான் அது ஒரேயடியாக எழுந்து போய்விடுவதும் அதிகம். பிறகு அந்தக் கிளை முழுக்கச் சிவப்பாகவே பூக்கும். அக்டோபரில் விதைத்தாள். செடிகள் நன்றாகவே வந்தன.

நவம்பர் நடுவில், ஈரத் தரையில் கிடந்த தண்ணீர்க் குழாயை மிதித்து வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், ஜனவரி வரை மாடியை விட்டு இறங்கக் கூடாது என்றார். குடிலை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது, டெஸ்பாட்ச் ஓட வேண்டிய கட்டாயத்தில் இருந்த அண்ணன் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னார்.

மச்சான் மாடிக்கு வந்து, கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தண்ணீர் எப்போது, உரம் எவ்வளவு, பூச்சி வந்தால் எது. கடைசியாக அவள் முக்கியமானதைச் சொன்னாள். விதைப்பண்ணையில் பரிசோதனைக்கு முன்பு கலப்பு நீக்குவது என்று ஒரு வேலை உண்டு. வரிசையில் நடந்துகொண்டே போக வேண்டும். கூட்டத்தோடு சேராத செடி கண்ணில் பட்டால் நின்று யோசிக்காமல் பிடுங்க வேண்டும். யோசித்தால் பரிதாபம் வரும், பரிதாபம் வந்தால் பரிசோதனை போகும்.

"மத்ததோட சேராததைப் பிடுங்கிடுங்க. அவ்வளவுதான்."

"சேராததைப் பிடுங்கணும்," என்று மச்சான் திருப்பிச் சொன்னார்.

வெப்பநிலையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. குடிலின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு சூடேற்றும் கருவி இருந்தது. இரண்டும் பதினைந்து டிகிரியில் நின்றன. ஒன்பது வருஷமாக யாரும் தொட்டதில்லை. சுவரில் அடித்திருக்கும் ஆணியைப் பிடுங்காதே என்று எவரிடமும் யாரும் சொல்வதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

தினமும் மாலை அவள் போன் செய்தாள். சுத்தமாக இருக்கிறது என்றார் மச்சான். படம் கேட்டாள், அனுப்பினார். குடிலின் பின்பாதியில் வெளிச்சம் நன்றாக விழுந்ததால் எல்லாப் படங்களையும் அங்கேயே எடுத்தார். படங்களில் பொட்டுகள் அளவாக, அழகாக இருந்தன. மனிதரைப் பற்றித் தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூட அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. அண்ணியிடம் அதைச் சொன்னாள். அண்ணி அதை நான்கு நாளைக்கு வைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாள்.

பரிசோதனை அன்று காலை, ஊன்றுகோலோடு அவள் குடில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி முன்கூட்டியே வந்துவிட்டிருந்தார். போன தடவை கோட்டைக் கழற்றாமல், கையுறையோடு எழுதியவர், இப்போது கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மச்சான். குடிலுக்குள் கதகதப்பாக இருந்தது. அவளுடைய கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

வரிசையாக அறுபது தொட்டிகள். அத்தனையும் வெள்ளை. ஒரு பொட்டு இல்லை.

"நான் இந்த வேலைக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு மேடம்," என்றார் அதிகாரி. "சீர்மையில இப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்ல."

அவள் மச்சானைப் பார்த்தாள். இரும வேண்டிய அவசியம் ஏற்படவில்லை, அவரே சொன்னார். குளிர் தனக்கு ஆகாது என்பதால் வந்த முதல் நாளே முன்பக்கத்துக் கருவியை இருபத்தைந்துக்குத் திருப்பிவிட்டாராம். எரிபொருள் வீணாகக் கூடாது என்று, குடிலின் நடுவே தடித்த பிளாஸ்டிக் திரை ஒன்றைத் தொங்கவிட்டு, தன் நாற்காலியைத் திரைக்கு இந்தப் பக்கம் போட்டுக்கொண்டாராம். அதன் பிறகு விரிந்த பூக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கத் தொடங்கினவாம். வெளுத்தவை அதிகமாகி, பொட்டுள்ளவை குறைந்து, ஒரு கட்டத்தில் பத்துப் பதினைந்து செடிகள் மட்டும் கூட்டத்தோடு சேராமல் நின்றனவாம்.

"பிடுங்கிட்டேன்," என்றார். "யோசிக்கவே இல்ல. அந்த இடத்துல எல்லாம் பின்பக்கத்துல இருந்து பூ வராத தொட்டியா பார்த்து எடுத்து வெச்சிட்டேன். அதுவும் வெள்ளையாவே பூத்திருச்சு."

அவர் சொன்னது முழுக்க அவள் சொன்னதுதான். கோபப்படுவதற்கு எங்கே கை வைப்பது என்று அவள் தேடினாள், ஓரிடமும் கிடைக்கவில்லை. கோடையில் பொட்டு குறையும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் துண்டு குளிரில்தான் தாவும், வெப்பத்தில் உட்கார்ந்த இடத்தில் அப்படியே கிடக்கும் என்று பழைய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றிலும் படித்திருந்தாள். ஆனால் அதைப் பூவின் குறையாக நினைத்து, குறையை யாராவது படிவத்தில் எழுதுவார்களா என்று விட்டுவிட்டாள்.

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். இங்கே ஒரு சின்ன விஷயம், என்றார். விண்ணப்பத்தில் 'வெள்ளையில் சிவப்புப் பொட்டு' என்று இருக்கிறது; எதிரே வெள்ளை மட்டும்தான் இருக்கிறது. பொட்டை அடித்துவிட்டு வெள்ளை என்று திருத்திக் கையெழுத்துப் போட்டால் சீர்மைக் கட்டத்தை இப்போதே நிரப்பிவிடலாம். அவளுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது. அவள் பேனாவை வாங்கினாள். இரண்டாம் குடில், ஒன்பது வருஷம், தக்காளி நாற்று எல்லாம் ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்தன. அதற்குள் அதிகாரி பையிலிருந்து பதிவான ரகங்களின் பட்டியலை எடுத்து, வெள்ளை என்ற பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். விரல் போய்க்கொண்டே இருந்தது.

"வெள்ளையில ஏற்கனவே நிறைய இருக்கே மேடம்," என்றார். "இப்போ தனித்தன்மை போயிடுச்சு."

அந்த நேரத்தில் அண்ணன் உள்ளே வந்தார். வெள்ளையாக நின்ற வரிசையையும், பேனாவோடு நின்ற தங்கையையும், மச்சானையும் பார்த்தார். தக்காளி நாற்றுக்கு எந்த மூலையிலிருந்து தொடங்கலாம் என்று அளக்கிற பார்வை என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையில் அவர் மச்சானை அடுத்து எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னார்.

அவள் பேனாவை அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தாள். ஊன்றுகோலை ஊன்றித் திரைவரை போய் அதை ஒதுக்கினாள். குளிர் காற்று முகத்தில் அடித்தது. பின்பாதியில் மிச்சமிருந்த தொட்டிகள். ஒவ்வொரு பூவிலும் பொட்டு.

அதிகாரி வந்து பார்த்தார். திரும்பிப் போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடியும் வந்து பார்த்தார்.

"இது வேற விதையா?"

"ஒரே விதை சார். ஒரே நாள்ல போட்டது. அந்தப் பக்கம் இருபத்தஞ்சு டிகிரி, இந்தப் பக்கம் பதினஞ்சு."

"அப்போ இதோட நிறம்தான் என்ன?"

"ரெண்டும்தான். குளிர்ல இத்தனை செடியும் பொட்டு வைக்கும், சூட்டுல இத்தனை செடியும் பொட்டை விட்டுடும். உங்க பட்டியல்ல இருக்கற வெள்ளை எதுவும் இப்படிச் செய்யாது. இதுல எல்லாமே செய்யும். நீங்க பூவையும் பூவையும் ஒப்பிடாதீங்க சார். அது செய்யற வேலையை ஒப்பிடுங்க."

அதிகாரி திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய ஒரு கை சூட்டிலும் ஒரு கை குளிரிலும் இருந்தன. படிவத்தில் வேலைக்குக் கட்டம் இல்லை என்றார். இல்லாத கட்டத்தை உண்டாக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். பிறகு, நிறம் என்ற கட்டத்தில் எத்தனை வார்த்தை எழுதலாம் என்று விதியில் சொல்லவில்லை என்றார்.

அவர் செய்தது இதுதான். வெள்ளைப் பக்கத்திலிருந்து ஆறு, பொட்டுப் பக்கத்திலிருந்து ஆறு என்று தொட்டிகளைத் தானே தேர்ந்தெடுத்தார். அவற்றை இடம் மாற்றி வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் தண்டிலும் அலுவலக முத்திரை வைத்த வில்லையைக் கட்டினார். கத்தரிக்கக் கூடாது, கிள்ளக் கூடாது, மாற்றக் கூடாது. ஐந்து வாரம் கழித்து வருவதாகச் சொன்னார். கையெழுத்துப் போடாததால் பரிசோதனை இன்னும் முடியவில்லை. முடியாததால் மூன்றாவது என்று ஆகாது. பன்னிரண்டில் ஒன்று தவறலாம். இரண்டு தவறினால் முடிந்தது.

மச்சானைக் குடிலிலிருந்து மாற்ற அண்ணன் முன்வந்தார். அவள் வேண்டாம் என்றாள். கால் இன்னும் சரியாகவில்லை, வெப்பநிலையைப் பற்றி அவருக்கு இப்போது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும் என்பது அவள் சொன்ன காரணம். மச்சான் இரண்டு கருவிகளின் திருகுகளையும் தாளில் சுற்றி ஒட்டிவிட்டார். அது யாரும் சொல்லாத வேலை. இந்தத் தடவை எதுவும் நிற்கவில்லை.

வாய்ப்பூ கீழிருந்து மேலாகப் பூக்கும். ஒரே தண்டில் கீழே இருப்பது போன மாதத்துப் பூ, மேலே இருப்பது இந்த மாதத்துப் பூ. மூன்றாவது வாரத்தில், குளிருக்குப் போன ஆறு செடிகளின் நுனியில் முதல் பொட்டுகள் வந்தன. சூட்டுக்கு வந்தவற்றில் கீழே பொட்டும், நடுவில் ஒன்றிரண்டும், மேலே வெள்ளையுமாக விரிந்தன. அவள் தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மாடியில் தொலைக்காட்சி இருக்கிறதே என்றாள் அண்ணி.

நான்காவது வாரம் குளிர்ப் பக்கத்தில் வில்லை கட்டிய ஒரு செடி புதிதாக ஒரு பக்கக் கிளையை விட்டது. அதன் மொட்டுகள் திறந்தபோது முழுச் சிவப்பு. பொட்டு இல்லை, வெள்ளை இல்லை. துண்டு அந்தக் கிளையை விட்டு ஒரேயடியாக எழுந்து போயிருந்தது. அடுத்த தொட்டியிலும் ஒரு மொட்டு கொஞ்சம் கூடுதலாகச் சிவந்து தெரிந்தது. திறக்கும்வரை என்னவென்று சொல்ல முடியாது.

மச்சான் சின்னக் கத்தரியோடு வந்து நின்றார்.

"சேராதது," என்றார். "அடியோட எடுத்துட்டா தெரியாது."

"வேண்டாம்."

"ரெண்டாவதும் அப்படி ஆயிட்டா?"

"ஆகட்டும். அவரு கிளையை எண்ணிட்டுப் போயிருக்க மாட்டாரு, எனக்கும் தெரியும். ஆனா இந்தச் செடி இப்படியும் செய்யும். அதுவும் இதோட வேலைதான்னு நான்தானே சொன்னேன்."

மச்சான் கத்தரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது, டெஸ்பாட்சில் இருந்தபோது தன்னை யாரும் இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை என்றார். அவள் இருமினாள்.

இரண்டாவது தொட்டியின் மொட்டு, அதிகாரி வருவதற்கு முந்தின நாள் திறந்தது. வெள்ளைதான், ஒரு கன்னத்தில் மட்டும் பெரிய பொட்டு.

அதிகாரி பன்னிரண்டு செடிகளையும் பார்த்தார். சிவப்புக் கிளையின் முன் நின்று, இது ஏன் இப்படி என்று கேட்டார். அவள் சொன்னாள். தவறியது ஒன்று என்று எழுதினார். குளிருக்காகக் கோட்டையும் சூட்டுக்காகச் சட்டைக் கையையும் மாற்றி மாற்றிச் சரிசெய்துகொண்டு, நிறம் என்ற கட்டத்தில் எழுதத் தொடங்கி, இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதி, கையெழுத்திட்டார்.

ரகம் ஏப்ரல் மாதம் பதிவானது. இரண்டாம் குடில் அவளிடமே இருந்தது. முதல் பருவத்தில் விதை வாங்கியவர்களில் ஒன்பது பேர், வெறும் வெள்ளைதான் பூத்தது என்று புகார் எழுதினார்கள். ஒன்பது பேரும் வெயில் அதிகமான ஊர்க்காரர்கள். அவர்களுக்கு வேறு விதை அனுப்பப்பட்டது.